அயலார் வீட்டில் ஓராண்டு



சென்னையில் மயிலாப்பூருக்குத் தெற்கே, அடையாற்றின் வடகரையை ஒட்டி, ராஜா அண்ணாமலைபுரம் என்னும் பகுதி இருக்கிறது. 1929-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரைத் தாங்கியது அது. அங்கே போட் கிளப் சாலை என்று ஒரு சாலை உண்டு. 1867-இல் தோன்றிய படகுக் கழகத்தினால் அதற்கு அப்பெயர் வந்தது. மரங்கள் நிழல் செய்யும் அந்த அமைதியான சாலையில்தான் ஜெர்மன் நாட்டின் துணைத் தூதரகம் அமைந்துள்ளது.

காலை வேளையில் அந்தப் பக்கம் செல்பவர்கள் இருவகை இளம்பெண்களைக் காணலாம். ஒரு வகையினர் கையில் சான்றிதழ்க் கோப்புடன் கடல் கடந்து செல்லும் ஆவலோடு நிற்பவர்கள். மற்றொரு வகையினர், சுற்றுவட்டாரத்து வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்காக வெளியூர்களிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள். பள்ளி வண்டியில் குழந்தையை ஏற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள். முதல் வகையினரைப் பற்றிப் பேசத் தொடங்கி, இரண்டாம் வகையினரிடம் வந்து முடிப்பது என் எண்ணம். இருவருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். பேச்சின் முடிவில் அது தானே விளங்கும்.

ஜெர்மனிக்குச் செல்வோர் என்றதும் பொறியியல் மாணவர்களே நம் நினைவுக்கு வருவார்கள். அவ்வளவாக அறியப்படாத வேறொரு வழியும் உண்டு. அதற்கு 'ஓ பேர்' என்று பெயர். இது பிரெஞ்சுச் சொல்; 'சமநிலையில்' என்பது அதன் பொருள். ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ அயல்நாட்டுக் குடும்பம் ஒன்றில் ஓராண்டுக் காலம் தங்கி, அவ்வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, சிறு வீட்டு வேலைகளில் கைகொடுத்து, அதற்கு ஈடாக உணவும் உறையுளும் கைச்செலவுக்குப் பணமும் பெற்று, அந்நாட்டின் மொழியையும் வாழ்க்கையையும் கற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆடவரும் செல்லலாம். செல்வோரிற் பெரும்பாலோர் பெண்களாதலால், எளிமை கருதிப் பெண் என்றே இங்குக் குறிப்பிடுகிறேன்.

ஐரோப்பிய அவை என்னும் அமைப்பு இதற்கென்றே 1969-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓர் உடன்படிக்கையை உருவாக்கியது. 1971-இல் அது நடைமுறைக்கு வந்தது. வருகிறவர் மாணவரும் அல்லர், தொழிலாளியும் அல்லர்; இரண்டின் இயல்பும் கொண்ட தனி வகையினர் என்று அந்த உடன்படிக்கை கருதுகிறது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேற்படாத வேலை, வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு, மொழி வகுப்புக்குச் செல்ல நேரம், இயன்றவரை தனி அறை, எல்லாவற்றையும் எழுத்தில் வைத்தல் ஆகியவை அதிற் கூறப்பட்டுள்ளன. ஜெர்மனியில் இன்றுள்ள விதிகளும் இதே நோக்கில் அமைந்தவையே. பதினெட்டு வயது நிரம்பி இருபத்தேழு வயது நிறையாதவர்கள் செல்லலாம். ஜெர்மன் மொழியில் தொடக்க நிலை அறிவு வேண்டும். வேலை நாளுக்கு 6 மணி, வாரத்துக்கு 30 மணி. அதற்கு மேற்படக் கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு உண்டு. மாதம் 280 யூரோ கைச்செலவுக்கும், 70 யூரோ மொழி வகுப்புக்கும் குடும்பத்தார் தர வேண்டும். மருத்துவக் காப்பீடும் அவர்கள் பொறுப்பே.

இத்தனை விதிகள் எதற்கு? அன்புள்ள குடும்பம் அமைந்தால் போதாதா? இக்கேள்விக்கு விடை சொல்ல, சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

பிறர் குழந்தையைப் பேணக் கடல் கடந்து செல்வது நம் நாட்டுப் பெண்களுக்குப் புதியதன்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், தாயகம் திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் கப்பற் பிரயாணத்தில் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள இந்தியப் பெண்களை உடன் அழைத்துச் சென்றன. அவர்களை 'ஆயா' என்றனர். போர்ச்சுகீசிய மொழியிலிருந்து நம்மிடம் வந்து கலந்த சொல் அது. கப்பல் இங்கிலாந்தைச் சேரும் வரை அவர்கள் இன்றியமையாதவர்களாக இருந்தார்கள். சேர்ந்த பின்னரோ, திரும்பி வருவதற்குப் பயணச்சீட்டு யார் தருவது என்ற பேச்சே முடிவு செய்யப்படாமையால், அவர்களிற் சிலர் முன்பின் அறியாத லண்டன் மாநகரில் கைவிடப்பட்டனர். அத்தகையோர் தங்குவதற்கென்றே லண்டனில் ஆயாக்கள் இல்லம் ஒன்று தேவைப்பட்டது. முதலில் ஆல்ட்கேட் பகுதியில் இருந்த அவ்வில்லம் 1900-ஆம் ஆண்டில் ஹாக்னி பகுதிக்கு மாறியது. அந்த வீட்டுச் சுவரில் 2022-ஆம் ஆண்டில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டுள்ளது. கப்பலில் அவர்கள் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் அவர்களிடம் அன்பு காட்டாமல் இருந்திருக்க மாட்டா. ஆயினும், அன்பு பயணச்சீட்டு ஆகவில்லை. வாக்குறுதிகள் தெளிவாக இல்லாத இடத்தில் அன்புக்கும் வலிமை இல்லை என்பதையே அந்தப் பலகை நமக்குச் சொல்லுகிறது.

இனி, தெளிவான ஏற்பாட்டுடன் ஒரு பெண் செல்வதாகவே வைத்துக்கொள்வோம். நுங்கம்பாக்கத்திலுள்ள கதே நிறுவனத்தில் ஜெர்மன் மொழி பயின்றாள், விசா பெற்றாள், விமானம் ஏறினாள். அங்கே அவளை எதிர்கொள்ளும் குடும்பத்தில் தந்தை, தாய், ஆறு வயதில் ஒரு மகன், மூன்று வயதில் ஒரு மகள். இரு சாராரும் நல்லவர்கள். அப்படியிருந்தும் முதல் மாதம் கடினமாகவே இருக்கும். ஏன் என்பதை ஆராய்வது பயனுடையது.

முதலாவது உணவு. நம் ஊரில், 'இன்னும் கொஞ்சம் போடட்டுமா?' என்று கேட்டால் 'போதும்' என்பது மரியாதை. கேட்டவர் அதைப் பொருட்படுத்தாமல் மேலும் பரிமாறுவதும் மரியாதை. ஜெர்மன் வீட்டில் 'போதும்' என்றால் போதும் என்றே பொருள். நம் பெண் ஒருமுறை மறுப்பாள். மறுமுறை கேட்பார்கள் என்று காத்திருப்பாள். பாத்திரம் அடுத்தவரிடம் போய்விடும். அவள் அரை வயிற்றோடு எழுந்திருப்பாள். 'அவள் குறைவாகவே உண்பவள்' என்று வீட்டார் எண்ணிக்கொள்வார்கள். இதில் இரக்கமற்றவர் யாரும் இல்லை. இரண்டு மரியாதைகள் ஒன்றையொன்று அறியாமல் கடந்து செல்கின்றன, அவ்வளவே. மேலும், அங்குப் பல வீடுகளில் இரவு உணவென்பது சூடில்லாத ரொட்டியும் பாலாடைக்கட்டியுமே. சோறுண்டு வளர்ந்தவளுக்கு அது உணவு முடிந்தது போலவே தோன்றாது. வாரத்தில் இருநாள் அவளே அரிசி சமைத்துக்கொள்ளலாம் என்று வீட்டுத் தலைவி முதல் நாளிலேயே சொல்லிவிட்டால், சிறிய அந்தச் சொல் பெரிய ஆறுதலைத் தரும்.

இரண்டாவது, அழைக்கும் முறை. நம் 'நீ', 'நீங்கள்' போலவே ஜெர்மன் மொழியிலும் இரண்டு முன்னிலைச் சொற்கள் உண்டு. ஆனால், இத்தகைய வீடுகளில் பெரும்பாலும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி, 'நீ' என்னும் சொல்லாலேயே அழைத்துக்கொள்வார்கள். தாயை ஒத்த வயதுடைய ஒருத்தியைப் பெயர் சொல்லி அழைக்க நம் பெண்ணுக்கு நாக்கு எழாது. அழைப்பதையே தவிர்ப்பாள். அழைப்பைத் தவிர்ப்பவள் மெல்ல மெல்லப் பேச்சையும் தவிர்ப்பாள். 'எங்கள் ஊரில் மூத்தவர்களைப் பெயரிட்டு அழைப்பதில்லை. பழகச் சில நாள் ஆகும்' என்று அவளே எடுத்துச் சொன்னால் அவர்கள் சிரித்து மகிழ்வார்கள். சொல்லாமல் விட்டால், இவள் முகங்கொடுத்துப் பேசாதவள் என்று நினைப்பார்கள்.

மூன்றாவது, 'சரி' என்னும் சொல். புரிந்தாலும் சரி, புரியாவிட்டாலும் சரி, பெரியவர் சொன்னதற்குத் தலையசைத்துச் 'சரி' என்பது நமக்குப் பழக்கம். மொழி அரைகுறையாகத் தெரிந்த நாட்டில் அது ஆபத்தான பழக்கம். 'மகளுக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது. கடலை கலந்த எதையும் கொடுக்காதே' என்று தாய் சொல்லியிருக்க, புரியாமல் 'சரி' என்றவள் பிற்பகலில் கடலை மிட்டாயைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? எனவே, கேட்டதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லும் வழக்கத்தைப் புதியவள் மேற்கொள்ள வேண்டும். ஒரு முறைக்கு இருமுறை கேட்பதை அவமானமாக எண்ணலாகாது. வீட்டாரும், முக்கியமானவற்றை வாயாற் சொல்வதோடு நில்லாமல், தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். மருத்துவர் எண், தீயணைப்பு நிலையத்தின் எண், குழந்தைகள் உறங்கும் நேரம், எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்கு என்பன அத்தாளில் இருக்க வேண்டும். குப்பையைப் பிரித்துப் போடுவது அங்கே ஒரு சிறு சாஸ்திரம்.

நான்காவது, தனிமை. டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். தெருவில் அரவம் இராது. மயிலாப்பூர்த் தேரோட்டத்தின் இரைச்சலில் வளர்ந்த பெண் அந்த அமைதியைச் சாவமைதி என்று எண்ணி அஞ்சக்கூடும். இங்கே இரவு ஒன்பது மணியாகும்போது அங்கே குளிர்காலத்தில் மாலை நாலரை மணி. தாய் உறங்கச் செல்லும் நேரமும் மகளுக்கு வேலை மும்முரமாக இருக்கும் நேரமும் ஒன்றே. ஆகவே, வீட்டுக்குப் பேசுவதற்கென நாளில் ஒரு நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளல் நலம். ஆனால், நாள் முழுதும் தொலைபேசியில் சென்னையிலேயே வாழ்ந்துகொண்டிருந்தால் ஜெர்மனியில் கால் ஊன்றுவது எப்போது? மொழி வகுப்பு இதற்கு நல்ல மருந்து. அங்கே அவளைப் போன்றே வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள் இருப்பார்கள். எல்லாரும் பிழையாகப் பேசுவார்கள். பிழைபடப் பேசுவோர் கூடியிருக்கும் இடத்தைப் போல ஆறுதலான இடம் வேறில்லை.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தால், புதியவள் வருமுன் குடும்பத்தார் செய்ய வேண்டுவன தாமே புலப்படும். அறை ஒழிக்கப்பட்டு, கதவுக்குச் சாவியுடன் ஆயத்தமாக இருக்க வேண்டும். வருகிறவள் யார், எந்த ஊர், அவள் வேலை என்ன, அவளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கு முன்னரே சொல்லி வைக்க வேண்டும். முதல் வாரம் தாயோ தந்தையோ அவளுடன் இருந்து, பள்ளிக்குப் போகும் வழியையும் பேருந்து நிறுத்தத்தையும் கூடவே நடந்து காட்ட வேண்டும். குடிபுகுந்த இரு வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்; அந்த அலுவலகத்துக்கு அவளைத் தனியே அனுப்பிவிடலாகாது. வந்த மறுநாளே குழந்தைகளை அவளிடம் விட்டுச் செல்வது அவளுக்கும் நல்லதன்று, குழந்தைகளுக்கும் நல்லதன்று. குழந்தைகள் புதியவர்களைச் சோதித்துப் பார்ப்பவர்கள். 'அம்மா விடுவாள்' என்பார்கள். அம்மா விடுவாளா, மாட்டாளா என்பதை அவள் அறிந்திருக்க வேண்டும். குழந்தையின் முன்னிலையில் அவளைக் கடிந்துகொண்டால், அன்றோடு அக்குழந்தை அவள் சொல்லைக் கேளாது.

எல்லாவற்றிலும் பயனுள்ள வழி ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு நாள், குழந்தைகள் உறங்கிய பின், அரை மணி நேரம் மூவரும் உட்கார்ந்து பேசுவது. இந்த வாரம் எது நன்றாக நடந்தது, எது கடினமாக இருந்தது, அடுத்த வாரம் யாருக்கு எப்போது வேலை என்று பேசுவது. இதற்குப் பணம் தேவையில்லை. குறைகள் சிறியவையாக இருக்கும்போதே வெளிவந்துவிட்டால் அவை சினமாக முதிர்வதில்லை.

ஆனால், அந்தப் பேச்சில் கவனமாக இருக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு. 'நீ எங்கள் மகளைப் போல' என்னும் சொல்லே அது. இனிமையான சொல்தான். பெரும்பாலும் உண்மையான அன்போடு சொல்லப்படுவதுதான். எனினும், 'மகளைப் போல' இருப்பவளிடம் ஆறு மணி நேரம் ஏழாவதை யாரும் கணக்கிடுவதில்லை. 'இன்று மாலை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்' என்பது மூன்று மாலைகளாகும். மகள் என்றால் மறுத்துச் சொல்லலாம், கோபித்துக்கொள்ளலாம், பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொள்ளலாம். 'மகளைப் போல' இருப்பவளுக்கு மகளின் கடமைகள் எளிதில் வந்துவிடும்; மகளின் உரிமைகள் வருவதற்கோ நெடுநாளாகும். மணிக்கணக்கும் ஓய்வு நாளும் எழுத்தில் இருப்பது அன்புக்குக் குறைவு என்று நினைக்கலாகாது. அவை எழுத்தில் இருந்தால்தான், அவள் ஏழாவது மணியில் தானாகக் குழந்தையைத் தூக்கிக்கொள்ளும்போது அது அன்பென்று தெரியும். கணக்கில்லாத இடத்தில் எது கடமை, எது அன்பு என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இப்பொழுது போட் கிளப் சாலைக்குத் திரும்புவோம். பள்ளி வண்டியில் குழந்தையை ஏற்றிவிட்டு வந்தாளே, அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளும் அயலார் வீட்டில் தங்கியிருப்பவள். கடல் கடந்து வரவில்லை என்றாலும், ஒரு கிராமத்தைக் கடந்து வந்திருக்கிறாள். அவளுக்கும் இந்த வீட்டுச் சமையலின் சுவை புதிது. இங்குப் பேசும் தமிழும் இடையிடையே வரும் ஆங்கிலமும் புதிது. பொத்தான்கள் நிறைந்த சலவை இயந்திரமும் புதிது. அவளும் புரியாததற்குச் 'சரி' என்கிறாள். அவளிடமும், 'நீ எங்கள் வீட்டுப் பெண் மாதிரி' என்கிறோம். அவளுடைய அறை எது? அவளுடைய ஓய்வு நாள் எது? அவள் வேலை எத்தனை மணிக்கு முடிகிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் உடனே விடை சொல்லக் கூடிய வீடுகள் நம்மிடையே எத்தனை இருக்கும்?

சட்டம் சிறிது சிறிதாக இந்த வாயிலைத் தட்டி வருகிறது. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வது 2006-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. வீட்டுப் பணியாளர்களுக்கெனத் தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டில் ஒரு நல வாரியம் அமைக்கப்பட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜெனீவாவில் நிறைவேற்றிய 189-ஆவது உடன்படிக்கை, வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமேனும் ஓய்வு வேண்டும் என்கிறது. இந்தியா அதற்கு இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை. எனினும், ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக அறிவிப்பதற்கு ஜெனீவாவின் அனுமதி எதற்கு?

நீங்கள் மாணவர்கள். சம்பளத்தை நிர்ணயிக்கும் பொறுப்பு உங்களிடம் இல்லை. ஆயினும் உங்களால் ஆவது அதிகம். வீட்டுக்குப் புதிதாக வந்த பெண்ணின் பெயரைக் கேட்டறிந்து, அப்பெயராலேயே அழையுங்கள். மூத்தவளானால் 'அக்கா' என்னுங்கள். சலவை இயந்திரத்தையும் அடுப்பையும் எப்படி இயக்குவது என்று பொறுமையுடன் காட்டிக் கொடுங்கள். கடைத்தெருவுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் ஒருமுறை உடன் நடந்து செல்லுங்கள். அவள் வீட்டாருடன் பேச எந்த நேரம் வசதி என்று கேளுங்கள். மேலே படிக்கும் எண்ணம் அவளுக்கு உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் உங்கள் பழைய பாடநூல்கள் பரணில் கிடக்க வேண்டியதில்லை. உங்கள் தம்பி அவளை எடுத்தெறிந்து பேசினால் தடுத்து நிறுத்துங்கள். பின்னர் ஒருநாள், தாயும் தந்தையும் மகிழ்ச்சியாக இருக்கும் சமயம் பார்த்து, 'அம்மா, இவளுக்கு ஓய்வு நாள் எது?' என்று கேளுங்கள். அதற்கு மேல் நீங்கள் ஒன்றும் வாதாட வேண்டியதில்லை. அந்தக் கேள்வியே தன் வேலையைச் செய்துகொள்ளும்.

உங்களில் ஒருத்தி சில ஆண்டுகளுக்குப் பின் அந்தத் துணைத் தூதரகத்தின் வாயிலில் கோப்புடன் நிற்கக்கூடும். அவளுக்குத் தனி அறை உண்டா, வேலை எத்தனை மணி, விடுமுறை எப்போது என்று அவள் பெற்றோர் நூறு முறை கேட்டுத் தெளிந்த பின்னரே கையெழுத்திடுவார்கள். அப்படித்தான் கேட்க வேண்டும். அதே நேரத்தில், அவளுக்காகப் பெட்டி கட்ட உதவிக்கொண்டு, அதே வீட்டில் வேறொருத்தி நின்றுகொண்டிருக்கலாம். அவளை அனுப்பிவைத்த தாயும் ஏதோ ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு இந்த மூன்று கேள்விகளையே மனத்திற்குள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தத் தாய்க்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே.